அமெரிக்க ரயில்வே நடுவர் மன்றம்: நோய் விடுப்பு வழக்குக்கு எவ்வளவு தூரம் உதவும்?

உடம்பு முடியாமல் வராத நாட்களுக்காக அமெரிக்க ரயில் கம்பெனி ஒரு தொழிலாளியைத் தண்டிக்கிறது. அல்லது இரண்டு கம்பெனிகள் இணைந்ததில் வேலை போனவருக்குச் சேர வேண்டிய ஈட்டுத்தொகையை மறுக்கிறது. கம்பெனியும் சங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இது தவறு என்று சொல்ல நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டமும் கம்பெனி இணைப்புகளுக்கான நிபந்தனைகளும் இந்த வழக்குகளைக் கட்டாயமாக ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நடுவர் தீர்ப்புக்கு, அனுப்பிவிடும். ஆனால் அந்த ஆர்பிட்ரேஷனுக்குள்ளேயே மூன்று வாசல்கள் உண்டு. செலவு, வேகம், கேட்கும் சாட்சியம் எல்லாம் வாசலுக்கு வாசல் மாறும். எது எதற்கு உதவும் என்பதுதான் இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தேதி, கெடு, சம்பளக் கணக்கு, விசாரணை முறை ஆகியவற்றில் கம்பெனி சறுக்கியிருந்தால் இது நல்ல சேவை. ‘எனக்கு உண்மையாகவே உடம்பு சரியில்லை, அதனால் வரவில்லை’ என்பது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

மூன்று வாசல்கள்

முதலாவது, சிகாகோவில் இருக்கும் நேஷனல் ரெயில்ரோடு அட்ஜஸ்ட்மென்ட் போர்டு. 1934-இல் சட்டத்தைத் திருத்தி உருவாக்கினார்கள். இதில் நான்கு பிரிவுகள், 34 உறுப்பினர்கள். 17 பேர் கம்பெனிகள் தரப்பு, 17 பேர் சங்கங்கள் தரப்பு. இன்ஜின் டிரைவர், கண்டக்டர் வழக்குகள் முதல் பிரிவுக்கு. பணிமனைத் தொழிலாளர்கள் இரண்டாவதற்கு. தண்டவாளப் பராமரிப்பு, சிக்னல், எழுத்தர்கள் மூன்றாவதற்கு. படகுப் போக்குவரத்தும் மற்றவையும் நான்காவதற்கு. இரு தரப்பும் சம எண்ணிக்கை என்பதால் சிக்கலான வழக்குகள் சமநிலையில் நின்றுவிடும். அப்போது ரெஃப்ரீ என்று அழைக்கப்படும் நடுவர் வருவார். பத்து நாளுக்குள் பிரிவு ஒருவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ரயில், விமானத் தொழில் தகராறுகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான நேஷனல் மீடியேஷன் போர்டே ஆளை நியமிக்கும்.

இரண்டாவது, பப்ளிக் லா போர்டு. 1966-இல் வந்த 89-456 எண் சட்டம்தான் அந்தப் பெயருக்குக் காரணம். ஒரு கம்பெனியும் ஒரு சங்கமும் எழுத்து ஒப்பந்தம் போட்டு மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்துக்கொள்ளும்: கம்பெனி ஆள், சங்கத்து ஆள், நடுவர். பணிநீக்க வழக்குக்குப் பெரும்பாலும் இதுதான் சௌகரியம். அந்தக் கம்பெனியின் வழக்கங்களும் ஒப்பந்தமும் நடுவருக்குப் பழகிப்போயிருக்கும். ஒரே அமர்வில் பல வழக்குகளை எடுத்துவிடலாம். குறை ஒன்று உண்டு: வழக்கை இங்கே கொண்டுவர சங்கம் மனம் வைக்க வேண்டும். சங்கம் கைவிட்ட வழக்கைத் தனியாள் கொண்டுபோகக்கூடிய இடம் சிகாகோ போர்டுதான். அங்கே நேரிலோ வக்கீல் மூலமோ வாதாட சட்டமே இடம் கொடுக்கிறது.

மூன்றாவது வாசல், கம்பெனி இணைப்பில் பாதிக்கப்பட்டவர்களின் பணிப் பாதுகாப்பு வழக்குகளுக்கான தனிக் குழு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். விஷயம் அங்கேதான் கொஞ்சம் சுவாரஸ்யமாகிறது.

செலவைப் பொறுத்தவரை முதல் இரண்டு வாசல்களுக்கும் முழு மதிப்பெண். நடுவரின் ஊதியத்தை அரசே கொடுக்கிறது. விமான நிறுவனங்களும் இதே சட்டத்தின் கீழ்தான் வருகின்றன, ஆனால் அங்கே நடுவருக்கான பணத்தைக் கட்சிக்காரர்கள்தான் கட்ட வேண்டும். இந்தச் சலுகைக்கு ஒரு விலையும் இருக்கிறது. அரசு ஒதுக்கும் பணத்துக்குள்தான் அமர்வுகள் நடக்கும், ஆகவே வழக்குகள் தேங்கும். வேலை போனவருக்கு மாதங்கள் ஆண்டுகளாவது சாதாரணம். வேகத்துக்கு ஐந்தில் ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

நடுவர் பார்ப்பது காகிதத்தை மட்டும்

புதிதாக வருபவர்கள் தவறாமல் தடுமாறும் இடம் இது. நடுவர் முன்னால் சாட்சி சொல்லலாம், டாக்டரை அழைக்கலாம் என்று நினைப்பார்கள். முடியாது. ரயில்வே ஆர்பிட்ரேஷன் ஒரு மேல்முறையீடு. கம்பெனி மட்டத்தில் நடந்த விசாரணையின் டிரான்ஸ்கிரிப்ட் (சொல்லுக்குச் சொல் எழுத்துப் பதிவு), அதில் இணைத்த ஆவணங்கள், பிறகு நடந்த கடிதப் போக்குவரத்து, இவ்வளவுதான் மேசைக்கு வரும். கம்பெனி மட்டத்தில் காட்டாத காகிதத்தை நடுவர் தொட மாட்டார், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும்.

அந்த விசாரணையை நடத்துபவரும் கம்பெனி அதிகாரிதான். குற்றம் சாட்டியவரே நடத்துகிறாரே என்று ஆட்சேபித்துப் பயனில்லை. பல பத்தாண்டுகளாக நடுவர்கள் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர்கள் கேட்பது மூன்று கேள்விகள். விசாரணை நியாயமாக நடந்ததா? குற்றத்துக்குக் கணிசமான சாட்சியம் இருக்கிறதா? தண்டனை அளவுக்கு மீறியதா? இதில் ‘கணிசமான சாட்சியம்’ என்பதை எட்டுவது அவ்வளவு கடினமில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய அவசியம் கம்பெனிக்குக் கிடையாது.

விசாரணை எப்படித் தோற்கிறது என்பதற்கு ஒரு மாதிரி. அதிகாரி கேட்கிறார்: “12-ஆம் தேதி நீங்கள் மார்க் ஆஃப் (வர இயலாது என்று பதிவு) செய்தீர்களா?” தொழிலாளி: “ஆமாம் சார், காய்ச்சல்.” “வருகைக் கொள்கையைப் படித்திருக்கிறீர்களா?” “படித்திருக்கிறேன்.” கம்பெனியின் வழக்கு இந்த இரண்டு ‘ஆமாம்’களில் முடிந்தது. நடுவர் இதை ஒப்புதல் என்றுதான் வாசிப்பார். தொழிலாளிக்காக வாதாடும் சங்கத்தின் லோக்கல் சேர்மன் அதே நிமிடத்தில் தொடர்ந்து கேட்க வேண்டியவை இவை: யாருக்கு போன் செய்தீர்கள்? எத்தனை மணிக்கு? அவர் சரி என்றாரா? அந்த நாளுக்கு எஃப்எம்எல்ஏ (குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம்) விண்ணப்பம் இருந்ததா? கடந்த ஓராண்டில் இத்தனை மணி நேரம் வேலை செய்தும் உங்களை ‘வராதவர்’ என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்? அந்தக் கணக்கைத் தயாரித்த அதிகாரியை ஏன் சாட்சியாக அழைக்கவில்லை? இவை டிரான்ஸ்கிரிப்டில் ஏறாவிட்டால் பிறகு எத்தனை பக்கம் வாதம் எழுதினாலும் வீண்.

டாக்டர் சர்டிஃபிகேட்டிலும் இதே கதை. ‘இன்ன தேதியில் என் கிளினிக்கில் பார்த்தேன்’ என்ற சீட்டு வந்துபோனதற்குத்தான் சாட்சி. வேலை செய்ய முடியாத நிலையில் இருந்தார் என்று அது சொல்லவில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பணியை, ஏன் செய்ய முடியாது என்று எழுதியிருக்க வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மருந்து கொடுத்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த மருந்தோடு இன்ஜினில் ஏறுவது பாதுகாப்பு விதிக்கே எதிரானது என்ற வாதம் அந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கும். விசாரணை நாளுக்குள் சர்டிஃபிகேட் கிடைக்காவிட்டால், எழுத்து மூலம் ஒத்திவைப்புக் கேட்டு, மறுத்தால் அந்த மறுப்பையும் டிரான்ஸ்கிரிப்டில் பதியவைக்க வேண்டும். நியாயமற்ற மறுப்பு, நடுவர் முன்னால் நல்ல ஆயுதம்.

கெடுக்களில்தான் இந்தச் சேவை கறாராக, ஓரளவு அழகாகவும் வேலை செய்கிறது. ரயில் ஓட்டாத பிரிவினருக்கு 1954 ஆகஸ்ட் 21 தேசிய ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு அடிப்படை. சம்பவம் நடந்து 60 நாளுக்குள் உரிமைக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும். கம்பெனி 60 நாளுக்குள் காரணத்தோடு மறுக்க வேண்டும். மறுக்கத் தவறினால் கேட்டபடியே கொடுத்தாக வேண்டும், வாதமே இல்லை. அடுத்த மட்டத்துக்கு மேல்முறையீடு செய்ய 60 நாள். உச்ச அதிகாரியின் மறுப்புக்குப் பிறகு போர்டுக்குப் போக 9 மாதம். ஒழுங்கு நடவடிக்கைக்கும் ரயில் ஓட்டும் பிரிவினருக்கும் அவரவர் ஒப்பந்தத்தில் தனிக் கெடு இருக்கும்; மனப்பாடக் கணக்கை நம்பாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே நல்லது. அதிகாரி 61-ஆம் நாள் கையெழுத்திட்ட கடிதம், உருக்கமான வாக்குமூலத்தைவிடப் பெறுமானமுள்ளது.

இன்னொரு படியும் உண்டு, பலர் சடங்காக நினைத்துத் தாண்டிவிடுவார்கள்: போர்டுக்கு அனுப்புவதற்கு முன் இரு தரப்பும் ஒருமுறை பேசித் தீர்க்க முயல வேண்டும். நேரில் வேண்டாம், போனே போதும். ஆனால் அது நடந்ததற்கு ஆதாரம் கோப்பில் இருக்கட்டும். யூனியன் பசிஃபிக் கம்பெனிக்கும் இன்ஜின் டிரைவர் சங்கத்துக்கும் இடையிலான வழக்குகளில் அந்த ஆதாரம் இல்லை என்று சொல்லிப் போர்டு கையை விரித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, அந்தக் குறை போர்டின் அதிகாரத்தையே பறிக்காது என்று தீர்ப்பளித்தது. சங்கம் வென்றதுதான். ஆனால் தேதியும் பேசியவர்களின் பெயரும் போட்ட ஒரு கடிதம் கோப்பில் இருந்திருந்தால் உச்ச நீதிமன்றம் வரை போகவே வேண்டியிருந்திருக்காது.

நோய் விடுப்பில் ஏன் கை கொடுக்காது

இரண்டு காரணங்கள். ஒன்று, நடுவர்களின் பழைய கொள்கை. ஒழுங்காக வேலைக்கு வருவது வேலையின் அடிப்படைக் கடமை. ஒவ்வொரு நாளும் நியாயமான காரணத்தோடு வராமல் இருந்தாலும், மொத்தம் அளவு மீறினால் தண்டிக்கலாம் என்று ஏராளமான தீர்ப்புகள் சொல்கின்றன. எனவே ‘பொய் சொல்லவில்லை’ என்று நிரூபிப்பது வழக்கை வெல்லாது. எவ்வளவு வராமை ‘அதிகம்’ என்று கம்பெனி எங்கே எழுதிவைத்திருக்கிறது, அதை எல்லோருக்கும் ஒரேபோல் செயல்படுத்தியதா, முதலில் எச்சரித்ததா, சிறிய தண்டனையிலிருந்து படிப்படியாக ஏறியதா என்று கேட்டால்தான் நடுவர் காது கொடுப்பார்.

இரண்டாவது காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுவர் இருக்கும் ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்வார், புதிதாக எழுத மாட்டார். ஒப்பந்தத்தில் இல்லாத சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை இந்தக் கவுன்ட்டரில் வாங்க முடியாது. அது ‘மேஜர்’ தகராறு: பேச்சுவார்த்தை, மீடியேஷன், கடைசியில் வேலைநிறுத்தம் என்று வேறு பாதை. இருக்கும் ஒப்பந்தத்தின் பொருள் பற்றிய ‘மைனர்’ தகராறுக்கு ஆர்பிட்ரேஷன் கட்டாயம், வேலைநிறுத்தம் செய்ய முடியாது. எது எந்தப் பக்கம் என்பதற்கு 1989-இல் கான்ரெயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் கம்பெனிக்கு மிகவும் வசதியானது. தன் செயலுக்கு ஒப்பந்தத்தில் ஓரளவு வாதிடக்கூடிய ஆதாரம் காட்டினாலே அது மைனர்.

2022-இல் பிஎன்எஸ்எஃப் கம்பெனியின் ‘ஹை-விஸ்’ வருகைக் கொள்கையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொருவருக்கும் 30 பாயின்ட். வராத நாளுக்குக் கழியும். தொடர்ந்து 14 நாள் வேலைக்குத் தயாராக இருந்தால் 4 பாயின்ட் திரும்பும். சுமார் 17,000 பேரைக் கொண்ட இரண்டு சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்யப் புறப்பட்டன. ஜனவரியிலேயே டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் ஃபெடரல் கோர்ட் தடை போட்டது: மைனர் தகராறாகத்தான் தெரிகிறது, ஆர்பிட்ரேஷனுக்குப் போங்கள் என்று. மைனர் தகராறில் தீர்ப்பு வரும்வரை பழைய நிலையைக் காக்க வேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. புதிய கொள்கை ஓடிக்கொண்டே இருக்கும், தொழிலாளி கோப்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார். இந்தச் சேவையின் ஆகப் பெரிய வடிவமைப்புக் குறை இதுதான்.

மேஜர் பாதையிலும் அந்த ஆண்டு பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சங்கங்கள் 15 நாள் நோய் விடுப்பு கேட்டன. அதிபர் நியமித்த 250-ஆம் எண் அவசரக் குழு ஊதியத்தை ஐந்தாண்டுகளில் 24 சதவீதம் உயர்த்தவும் கூடுதலாக ஒரு தனிநபர் விடுப்பு தரவும் சொன்னது. நோய் விடுப்பைத் தொடவில்லை. பன்னிரண்டு சங்கங்களில் நான்கு ஒப்பந்தத்தை நிராகரித்தன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைச் சட்டமாகத் திணித்தது. 7 நாள் நோய் விடுப்புக்கான தனித் தீர்மானம் கீழவையில் 221-207 என்று தேறி, செனட்டில் 52-43 என்று நின்றுபோனது. 60 வாக்குகள் தேவைப்பட்டன. அதன் பிறகுதான் 2023 பிப்ரவரியில் சிஎஸ்எக்ஸ் கம்பெனி இரண்டு சங்கங்களுக்கு ஆண்டுக்கு 4 நாள் தந்து தொடங்கிவைத்தது. ஆகவே இப்போது யாருக்கு எத்தனை நாள் என்பது கம்பெனியையும் சங்கத்தையும் பொறுத்தது. ஒப்பந்தத்தில் அந்த நாட்கள் ஏறியிருந்தால், அதை மறுக்கும்போது ஆர்பிட்ரேஷன் நன்றாகவே வேலை செய்யும். எழுதிவைத்த உரிமைக்குத்தான் இது கடை.

இதனால் நோய் விடுப்பு வழக்கில் பக்கத்து வாசல்களையும் சேர்த்தே தட்ட வேண்டும். எஃப்எம்எல்ஏ சட்டம்: முந்தைய 12 மாதத்தில் 1,250 மணி நேரம் வேலை செய்திருந்தால் ஆண்டுக்கு 12 வாரம் விடுப்பு, அந்த நாட்களுக்குப் பாயின்ட் கழிக்கக் கூடாது என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. நாள்பட்ட நோய் உள்ளவர் தண்டனை வருமுன்பே இதைப் பதிந்துவிட வேண்டும். வேலையில் பட்ட காயமென்றால் ரயில் பாதுகாப்புச் சட்டத்தின் 20109-ஆம் பிரிவு: டாக்டர் சொன்ன சிகிச்சையைப் பின்பற்றியதற்காகத் தண்டிக்க முடியாது. 180 நாளுக்குள் ஓஷாவில் (தொழிலிடப் பாதுகாப்புக்கான ஃபெடரல் அமைப்பு) புகார் கொடுக்க வேண்டும். ஆர்பிட்ரேஷனுக்குப் போய்விட்டால் இந்த வழி அடைபட்டுவிடும் என்று கம்பெனிகள் வாதாடின. 2014-இல் ரீட் வழக்கில் ஏழாவது சர்க்யூட் கோர்ட் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) அதை ஏற்கவில்லை. வீட்டில் வந்த நோய்க்கும் இந்தப் பிரிவு பொருந்துமா என்றால், 2015-இல் மூன்றாவது சர்க்யூட் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ஆர்பிட்ரேஷன் முடியட்டும் என்று காத்திருந்து 180 நாளைக் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். ரயில் தொழிலாளர்களுக்கு ஓய்வூதியமும் உதவித்தொகையும் தரும் ஃபெடரல் அமைப்பான ரெயில்ரோடு ரிட்டயர்மென்ட் போர்டின் நோய்ப்படிக்கும் விண்ணப்பியுங்கள். படிவம் 10 நாளுக்குள் போக வேண்டும், முதல் 14 நாள் காலத்தில் 7 நாளுக்கு மேற்பட்ட நாட்களுக்கே பணம்.

உடல்தகுதி இல்லை என்று கம்பெனி டாக்டர் நிறுத்திவைத்தால் அது வேறு வகை. பல ஒப்பந்தங்களில் மூன்று டாக்டர் குழு விதி இருக்கிறது: கம்பெனிக்கு ஒருவர், தொழிலாளிக்கு ஒருவர், இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் மூன்றாமவர். அந்த விதியை எழுத்தில் கேட்காமல் நேரே நடுவரிடம் போனால், நோயைப் பற்றிப் பேச நான் டாக்டரல்ல என்று அவர் ஒதுங்கிவிடுவார்.

பணிப் பாதுகாப்பு: நல்ல சேவை, நுணுக்கமான கணக்கு

இணைப்பில் வேலையோ சம்பளமோ பாதிக்கப்பட்டவர்களுக்கு 1936-இன் வாஷிங்டன் ஒப்பந்தம் தொடங்கி ஒரு நீண்ட மரபு இருக்கிறது. இன்று பெரிய இணைப்புகளில் பொருந்துவது, இணைப்புக்கு அனுமதி தரும்போது அரசு விதிக்கும் 1979-இன் நியூயார்க் டாக் நிபந்தனைகள். ஈட்டுத்தொகை கிடைக்கும் பாதுகாப்புக் காலம் அதிகபட்சம் 6 ஆண்டு. பணிக்காலம் அதைவிடக் குறைவு என்றால் அந்த அளவு. தகராறு 20 நாளில் தீராவிட்டால் பதினோராம் பிரிவின் கீழ் தனிக் குழுவுக்குப் போகலாம். விசாரணை முடிந்து 45 நாளில் தீர்ப்பு. சிகாகோவோடு ஒப்பிட்டால் இது அதிவேகம். ஆனால் நடுவரின் செலவை இரு தரப்பும் பாதிப் பாதி ஏற்க வேண்டும்.

நிரூபிக்கும் பொறுப்பும் இங்கே தொழிலாளிக்குச் சாதகம். எந்த இணைப்பு நடவடிக்கை என்று அடையாளம் காட்டி, எப்படிப் பாதித்தது என்ற விவரத்தைச் சொன்னால் போதும். வேறு காரணத்தால்தான் பாதிப்பு என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். வியாபாரம் சரிந்தது என்று கம்பெனி வழக்கமாகச் சொல்லும். நடவடிக்கைக்கு முன்னும் பின்னும் அந்த யார்டின் வேலை அளவுப் பதிவுகளைக் கேட்டு வாங்கினால் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

நோய் விடுப்பு இதற்குள்ளும் நுழைந்துவிடுகிறது, இரண்டு இடத்தில். முதலில், ஈட்டுத்தொகைக்கு அடிப்படையான பழைய சம்பளச் சராசரிக் கணக்கில். குறைந்த சம்பள வேலைக்குத் தள்ளப்பட்ட நாளுக்கு முன், வேலை செய்த கடைசி 12 மாதங்களின் மொத்தச் சம்பளத்தையும் மொத்த நேரத்தையும் தனித்தனியே 12-ஆல் வகுப்பார்கள். ‘வேலை செய்த’ என்பதைக் கவனியுங்கள். ஒரு மாதம் முழுக்கப் படுக்கையில் இருந்தால் அந்த மாதம் கணக்கில் வராது, அதற்கு முந்தைய மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று நாள் மட்டும் வேலை செய்த மாதம் கணக்கில் உட்கார்ந்து சராசரியைக் கீழே இழுக்கும். கம்பெனி அனுப்பும் கணக்குத் தாளில் எந்தப் பன்னிரண்டு மாதம் என்று சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆறு ஆண்டும் அந்த எண்தான்.

இரண்டாவது, மாதாமாதம் கிடைக்கும் ஈட்டுத்தொகையில். கணக்குக்காக ஒரு எண்: சராசரி 6,000 டாலர், 180 மணி நேரம். இந்த மாதம் 160 மணி நேரத்துக்கு 5,200 டாலர். வித்தியாசம் 800. குறைந்த 20 மணி நேரம் ‘தானாக விரும்பி வராதது’ என்று கம்பெனி சொன்னால், மணிக்கு 32.50 வீதம் 650 கழியும். கைக்கு வருவது 150. நிபந்தனையில் இருக்கும் சொல் ‘தன்விருப்ப வராமை’. காய்ச்சல் தன்விருப்பமா? இதே சண்டைதான் நடுவரிடம் போகும். டாக்டர் காகிதமும் அன்றைய அழைப்புப் பதிவும் உள்ளவர் பக்கம் வலுவாக நிற்கும். 1965 பிப்ரவரி 7 பணி நிலைப்பு ஒப்பந்தத்தின் கீழ் வருபவருக்கு அந்த வாதமும் இல்லை. உடல்நலக் குறைவு, ஒழுங்கு நடவடிக்கை, விடுப்பு ஆகியவற்றால் வேலை செய்யாத காலத்துக்குப் பாதுகாப்புப் பணம் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இந்த ஒப்பந்தத்தின் தகராறுகள் 605-ஆம் எண் சிறப்புக் குழுவுக்குப் போகும். எந்த நிபந்தனையின் கீழ் பாதுகாப்பு என்று முதல் கடிதத்திலேயே குறிப்பிடாதவர் தவறான குழுவின் முன் போய் நிற்பார்.

தீர்ப்பு வந்த பிறகு

பணிநீக்க வழக்கில் அடிக்கடி வரும் தீர்ப்பு ஒன்று: பணிமூப்பு குறையாமல் மீண்டும் வேலை, ஆனால் இடைப்பட்ட காலத்துக்குச் சம்பளம் இல்லை. தண்டனை அதிகம், ஆனால் குற்றம் உண்டு என்று பொருள். இரண்டு ஆண்டு காத்திருந்தவருக்கு அது இரண்டு ஆண்டு இடைநீக்கம். முழுச் சம்பளம் கிடைத்தாலும், இடையில் வெளியே சம்பாதித்ததைக் கழிக்கலாமா என்பது அந்தந்த ஒப்பந்தத்தின் விதியைப் பொறுத்தது. வேலை போன நாளிலிருந்து வருமான ரசீதுகளைச் சேர்த்துவைப்பது நல்லது.

தோற்றவர் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் காரணம் மூன்றுதான்: போர்டு சட்டத்தைப் பின்பற்றவில்லை, அதிகாரத்தை மீறியது, அல்லது உறுப்பினர் மோசடியோ ஊழலோ செய்தார். நடுவர் சாட்சியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது காரணமாகாது. நியூயார்க் டாக் தீர்ப்பென்றால் ரயில் இணைப்புகளை மேற்பார்க்கும் ஃபெடரல் அமைப்பான சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் போர்டிடம் முறையிட வேண்டும், அங்கேயும் பாதிப்புக்குக் காரணம் எது என்பதிலும் கணக்குகளிலும் நடுவருக்கே விட்டுக்கொடுப்பார்கள்.

வென்றவருக்குக் கம்பெனி கொடுக்க மறுத்தால் இரண்டு ஆண்டுக்குள் ஃபெடரல் மாவட்ட கோர்ட்டில் அமலாக்க மனு போடலாம். அங்கே மனுதாரர் கோர்ட் செலவைக் கட்ட வேண்டியதில்லை. ஜெயித்தால் வக்கீல் கட்டணமும் கம்பெனி தலையில். ‘இழந்த சம்பளத்தைக் கொடு’ என்று தொகை போடாமல் வந்த தீர்ப்பாக இருந்தால், மனுவுக்கு முன் தொகையைத் தெளிவுபடுத்தச் சொல்லி அதே குழுவிடம் விளக்கத் தீர்ப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படியையும் சேர்த்து இரண்டு ஆண்டைக் கணக்கிடுங்கள்.